நாற்பது நாள் சோதனை

"அண்ணே, இதுல நம்ம கம்பெனியப் பத்தி எழுதியிருக்காக," என்று வேல்விழி நீட்டிய காகிதம் பாதி கிழிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணி. விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றின் போர்மேன் சங்கிலிமுத்து அப்போதுதான் டீ கிளாசை வாயருகே கொண்டுபோனார். அந்த டீயை அவர் கடைசிவரை குடிக்கவே இல்லை.

காகிதம் ரகசியமாக வந்ததல்ல. வெடிக்குக் குழாய் உருட்டச் சிவகாசி அச்சகங்களிலிருந்து வீணான தாள்களை லோடு லோடாக வாங்குவார்கள். காலண்டர் லட்சுமி, சோப்பு விளம்பரம், யாருடையவோ கல்யாணப் பத்திரிகை, எல்லாம் வரும். வேல்விழி எட்டாவது வரை படித்தவள். ஒவ்வொரு தாளையும் வாசித்துவிட்டுத்தான் உருட்டுவாள். படிக்கத் தெரியாத மற்ற பெண்கள் அவளைப்போல் இரண்டு மடங்கு உருட்டினார்கள்.

சங்கிலிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். தாளின் இரண்டு ஓரமும் கிழிந்துபோய், நடுவில் இவ்வளவுதான் மிச்சமிருந்தது:

'...நாற்பது நாள் சோதனை. பாலைவ...

...புதன்கிழமை சாம்பலோடு தொடங்குகி...

...அறைகளை இன்றே திறந்து பார். அளவுக்கு மீறி அடைத்து வைத்திருப்பதை வெளியே எடு...

...யாருக்கும் தெரியாது என்று நினைக்காதே. அவர் வந்து கேட்கும்போது என்ன பதில் சொல்வாய்?'

மற்ற ஊரில் சோதனை என்றால் என்னவோ, சிவகாசி வட்டாரத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஜீப் வரும். பட்டாசு தாசில்தார் இறங்குவார். ஒவ்வொரு ரூமாகப் போய்த் தலையை எண்ணுவார். மருந்து அடைக்கும் ரூமில் நாலு பேருக்கு மேல் இருந்தால் கேஸ். லைசென்ஸ் முதலாளி பேரில் இருக்கும். விலங்கு போர்மேன் கையில் இருக்கும். சங்கிலிமுத்துவின் கம்பெனியில் ஆறு ரூம். ரூமுக்கு எட்டுப் பேர்.

"பாலைவன்னு நிக்கிது. அது என்னம்மா?"

"பாலவநத்தமா இருக்கும்ணே. அச்சுப் பிழை. அங்கன ஆரம்பிச்சு இங்கன வருவாக போல."

நியாயமாகத்தான் இருந்தது. சங்கிலிமுத்து செல்போனை எடுத்து, தாள் சப்ளை செய்யும் முனியராஜைப் பிடித்தார்.

"ஏலே முனியா, போன வாரம் வந்த லோடுல ஒரு நோட்டீசு கெடந்துச்சு. நாப்பது நாள் சோதனைன்னு. அதை அடிக்கச் சொன்னது யாருலே?"

"பிரஸ்ல கேட்டுச் சொல்றேண்ணே." பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டான். "மதுரையில ஆயர் ஆபீசு ஆர்டராம்ணே."

"ஹையர் ஆபீசா?"

"ஆமாண்ணே. ஆயிரம் காப்பி."

மேலிடம். ஆயிரம் காப்பி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே பேயே அச்சடித்து ஆயிரம் காப்பி போட்டுவிட்டது. சங்கிலிமுத்து உடனே முதலாளி சங்கரபாண்டியனுக்குச் சொன்னார்.

முதலாளி நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "எனக்கு மூட்டுவலி தாங்கலைலே. கொடைக்கானல்ல ஒரு மாசம் இருந்துட்டு வரலாம்னு டாக்டர் சொல்றாரு."

"குளிருக்கு மூட்டுவலி ஜாஸ்தியாகும்லா மொதலாளி?"

"அதை நான் பாத்துக்கிடுதேன். போர்மேன் நீதான. கையெழுத்து உன்னதுதான. பக்குவமா நடந்துக்க," என்று போனை வைத்துவிட்டார்.

சங்கிலிமுத்து மரத்தடியில் உட்கார்ந்தார். மகள் ரோஜாவுக்குப் பங்குனியில் கல்யாணம். மாப்பிள்ளை சாத்தூர். பத்திரிகை அடித்தாயிற்று. விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். முகூர்த்தம் அந்த நாற்பது நாளுக்குள் சரியாக நடுவில் விழுந்தது. அப்பனுக்கு ஜெயில் என்றால் எந்த மாப்பிள்ளை தாலி கட்ட வருவான்?

முதல் காரியமாக ரூமுக்கு நாலு பேரை எழுப்பி, "வீட்டுக்குப் போங்க தாயி, சொல்லி அனுப்புறேன்," என்றார். இருபத்து நாலு பெண்கள் எழுந்தார்கள். ஆனால் போகவில்லை.

"எப்படிண்ணே போறது? கம்பெனி வேன் சாயங்காலம்தான வரும்," என்றாள் இருளம்மாள்.

வேலிக்கு வெளியே ஒரே ஒரு வேப்பமரம். இருபத்து நாலு பேரும் அதன் கீழ் உட்கார்ந்தார்கள். சும்மா இருக்கக் கைவராத ஜென்மங்கள். அரை மணி நேரத்தில் யாரோ உள்ளேயிருந்து சரக்கை எடுத்துவர, மரத்தடியிலேயே திரி பின்ன ஆரம்பித்துவிட்டார்கள். ரூமுக்குள் எட்டுப் பேர் இருந்தால் ஒரு கேஸ். மரத்தடியில் வேலை நடந்தால் அது தனிக் கேஸ். முன்பு உள்ளே இருந்த குற்றம் இப்போது ரோட்டைப் பார்க்க உட்கார்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் வேன் டிரைவர் ஊர்க்காவலனை வரச்சொன்னார். "இவுகள ஏத்திக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் எங்கயாவது சுத்திக்கிட்டே இரு."

"எங்கண்ணே சுத்த?"

"எங்கயாவதுலே. கண்ணுல படாம சுத்து."

ஊர்க்காவலன் கண்ணில் படாமல்தான் சுத்தினான். பதினொன்றரை மணிக்கு வேன் நின்றுபோனது. நின்ற இடம் தாலுகா ஆபீஸ் வாசல். முகத்திலும் கையிலும் வெள்ளிப் பொடி மினுமினுக்க இருபத்து நாலு பெண்கள் இறங்கி, "ஐலசா" போட்டு வேனைத் தள்ளினார்கள். ஆபீசே ஜன்னலுக்கு வந்தது.

"எந்தக் கம்பெனிம்மா?" என்று பியூன் ஒருவர் விசாரித்தார்.

வேல்விழிக்குப் படிப்பும் அதிகம், சமயோசிதமும் அதிகம். "கம்பெனியெல்லாம் இல்லண்ணே. கல்யாண வீட்டுக்குப் போறோம். போர்மேன் சங்கிலிமுத்து மகளுக்கு இன்னைக்குக் கல்யாணம்."

அந்தப் பியூன் சாத்தூர்க்காரர். மாப்பிள்ளை வீட்டுக்கு மூன்றாவது தெரு.

மத்தியானம் சம்பந்தியிடமிருந்து போன் வந்தது. "ஏன்யா, எங்களுக்குச் சொல்லாம எவனுக்குய்யா கட்டிக் குடுத்தீரு?"

சங்கிலிமுத்து தொண்டைத் தண்ணீர் வற்ற விளக்கினார். விளக்க விளக்க அவருக்கே நம்பிக்கை வரவில்லை. "வியாழக்கிழமை நேர்ல வர்றேன். பொண்ணு கழுத்தைப் பாத்தாத்தான் நம்புவேன்," என்று சம்பந்தி முடித்துவிட்டார்.

அடுத்தது குடோன். அளவுக்கு மீறி அடைத்து வைத்திருப்பதை வெளியே எடு என்று நோட்டீசே சொல்கிறது. பதினாலு பெட்டி சரவெடி அதிகமாக இருந்தது. எங்கே வைப்பது? எந்தக் கம்பெனிக்காரன் வாங்கி வைப்பான்? சாயங்காலம் அதைத் தன் வீட்டுக்கே கொண்டுபோய், கல்யாணப் பட்டுச்சேலை இருந்த கட்டிலுக்குக் கீழே தள்ளினார்.

மனைவி குருவம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றாள். "இது வீடா, குடோனா?"

"கொஞ்ச நாளைக்குத்தான் தாயி."

"எம்புட்டு நாளைக்கு?"

"நாப்பது."

அன்றிலிருந்து வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. சாமி விளக்கும் இல்லை. பக்கத்து வீட்டில் வாங்கிய பழையதை ஒரு வேளை சாப்பிட்டார்கள். ஆட்டுக்கறி என்ற பேச்சே போயிற்று. குருவம்மாள் புருஷனோடு பேசுவதையும் நிறுத்தினாள். அது மட்டும்தான் சங்கிலிமுத்துக்கு வந்த ஒரே லாபம். அதையும் அனுபவிக்கிற நிலையில் அவர் இல்லை.

புதன்கிழமை வந்தது. ரூமுக்கு நாலு பேர் என்று கணக்காக உட்கார வேண்டிய இருபத்து நாலு பேரும் வாசலிலேயே நின்றார்கள். சாம்பல் என்ற சொல் வேல்விழி வாயிலிருந்து எல்லார் காதுக்கும் போயிருந்தது.

"இன்னைக்கு உள்ள வர மாட்டோம்ணே," என்றாள் சண்முகத்தாய். அவள் தங்கச்சி மூன்று வருஷத்துக்கு முன் வேறொரு கம்பெனி ரூமிலிருந்து வெளியே வரவில்லை. "எழுதியிருக்குல்லா."

சங்கிலிமுத்து அவளை அதட்டவில்லை. எட்டுப் பேர் உட்காரும் ரூமில் ஒரு பொறி விழுந்தால் ஒரு வாசல் வழியாக எத்தனை பேர் வெளியே வர முடியும் என்பது அவருக்குத் தெரியும். பதினெட்டு வருஷமாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் ஐந்தாவது ஆளையும் ஆறாவது ஆளையும் உள்ளே அனுப்பினார். ஆர்டர், சீசன், முதலாளி என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்தது. அன்று முழுவதும் காலி ரூம்களின் முன் தனியாக உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் வரவில்லை. வந்து தொலைத்தாலாவது ஒருவழியாக முடிந்திருக்கும். இன்னும் முப்பத்தொன்பது நாள் பாக்கி.

வியாழக்கிழமை சம்பந்தி வந்தார். ரோஜாவின் கழுத்தைப் பார்த்தார். வெறும் பாசிமணிதான் கிடந்தது. முகம் கொஞ்சம் இளகியது. கட்டிலில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

"ஒரு காப்பியாவது போடுங்க தங்கச்சி."

"அடுப்புப் பத்த வைக்கிறதில்லண்ணே," என்றாள் குருவம்மாள்.

"ஏன், வீட்டுல ஏதும் துக்கமா?"

"இல்லண்ணே. ஒரு வேண்டுதல்."

சம்பந்தி தலையாட்டினார். மடியிலிருந்து ஒரு பீடியை எடுத்து வாயில் வைத்தார். தீப்பெட்டியை எடுத்தார். கட்டிலுக்குக் கீழே பதினாலு பெட்டி.

குருவம்மாள் பாய்ந்தாள். ஒரு கையில் தீப்பெட்டியைப் பிடுங்கினாள், மறு கையில் வாயிலிருந்த பீடியையும் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் சம்பந்தியின் மீசையில் கொஞ்சம் கூடவே வந்தது.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "அம்பது வயசுல என் வாயில இருந்து பீடியப் பிடுங்குன மொதப் பொம்பளை நீங்கதான் தங்கச்சி. இந்த வீட்டுல பொண்ணு எடுத்தா எம் மகன் கதி என்ன ஆகும்னு இப்பவே தெரிஞ்சுபோச்சு. ஞாயித்துக்கிழமை முடிவு சொல்றேன்."

காரணத்தைச் சொல்லவும் முடியாது. கட்டிலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் சாத்தூர் வரைக்கும் சிரிக்கும். ரோஜா உள் அறையில் சத்தமில்லாமல் அழுதாள். குருவம்மாள் இரண்டு நாள் கழித்துப் புருஷனிடம் வாயைத் திறந்தாள். "நீங்க போயி அந்தச் சோதனைக்காரங்க கால்லயே விழுந்துருங்க."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டால் ஒரு பூதத்தோடு நிற்கும். சங்கிலிமுத்து வெட்டிய கிணற்றில் நாளுக்கொன்று புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் மறுபடி முனியராஜைக் கூப்பிட்டார்.

"அந்த நோட்டீசுக்குப் பிரஸ்ல வந்து ஆர்டர் குடுத்தது யாருலே? ஆளைச் சொல்லு."

"நம்ம ஊரு சர்ச்சு சாமியாருண்ணே. மேல இருந்து எது வந்தாலும் அவரு மூலமாத்தான் வருமாம்."

அப்படியென்றால் மேலிடத்துக்கு வேண்டிய மனிதர். ஒரு வார்த்தை சிபாரிசு செய்தால் நடக்கும். சங்கிலிமுத்துக்குச் சர்ச் பழக்கமில்லை. வாசலில் நின்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. இருந்தாலும் கும்பிடுகிற இடம்தானே என்று வெள்ளிக்கிழமை மத்தியானம் வெறும் வயிற்றோடு கிளம்பிப் போனார்.

வாசலில் கோயில்பிள்ளை சருகு கூட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சர்ச்சைத் திறந்து பூட்டிப் பார்த்துக்கொள்கிறவர்.

"சாமி உள்ள இருக்காகளா?"

"சாமி எங்க போகப் போறாக? எப்பவும் உள்ளதான் இருக்காக. போயி மனசு விட்டுப் பேசுங்க, எல்லாம் சரியாகும்."

உள்ளே குளுமையாக இருந்தது. புனிதர் சிலைகளை ஊதாத் துணி போட்டு மூடியிருந்தார்கள். முன் பெஞ்சில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வெள்ளைச் சட்டையோடு தனியாக முழங்கால் போட்டிருந்தார். அங்கி எங்கே என்று சங்கிலிமுத்து ஒரு கணம் யோசித்தார். மாசி வெயிலுக்குக் கழற்றி வைத்திருப்பார் என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

அவர் நெஞ்சில் சிலுவை போட்டுவிட்டு எழுந்து உட்காரும்வரை காத்திருந்து, சங்கிலிமுத்து அருகில் போனார். "சாமி..."

"சாமின்னெல்லாம் சொல்லாதீங்க. உக்காருங்க. என்ன விஷயம்?"

என்ன பணிவு! சங்கிலிமுத்துக்கு அங்கேயே பாதி மனசு கரைந்துவிட்டது. மடியிலிருந்து அந்தக் கிழிசல் காகிதத்தை எடுத்து நீட்டினார். "இந்தச் சோதனையில இருந்து எங்களை மட்டும் விட்டுரச் சொல்லணும் சாமி. பொம்பளப்புள்ள கல்யாணம் நிக்கிது."

அவர் வாசித்தார். இரண்டாவது தடவையும் வாசித்தார். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, இருமுகிறாரா என்று தெரியவில்லை.

"இது ஆயர், அதான் எங்க பிஷப்பு, அனுப்புற தவக்காலச் சிந்தனைங்க. கிறிஸ்தவங்க நாப்பது நாள் ஒருவேளை சாப்பிட்டு, கறி மீன் விட்டு, செஞ்ச தப்பை நினைச்சுப் பாக்குற காலம். சாம்பல் புதன் அன்னைக்கு நெத்தியில சாம்பல் பூசி ஆரம்பிப்போம். சோதனைன்னா மனசுக்குள்ள வர்ற சபலம். ஆண்டவர் பாலைவனத்துல பசியோட இருந்தப்ப சாத்தான் வந்து ஆசை காட்டுனான்ல, அது."

"பாலைவனமா? பாலவநத்தம் இல்லையா?"

"இல்ல."

"ரூமைத் தொறந்து பாருன்னு போட்டிருக்கு?"

"உள்ளத்தின் அறைகளைன்னு இருந்திருக்கும். கிழிஞ்சிருச்சு."

"அப்ப ஜீப்பு வராதா சாமி?"

"இந்தக் காகிதத்துக்காக வராது."

சங்கிலிமுத்து பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். நாலு நாள் தூக்கமில்லாத, ஒரு வேளைச் சோற்று மனிதர். குலுங்கிக் குலுங்கி அழுதார். வெள்ளைச் சட்டைக்காரர் தடுக்கவில்லை. அழுது முடியும்வரை காத்திருந்து, மெதுவாகக் கேட்டார். "சபலத்தைப் பத்தி ஒரு நோட்டீசு. அதைப் பாத்து எதுக்கு இம்புட்டுப் பயந்தீங்க?"

"சொன்னா வெளிய போகாதே சாமி?"

"ஆண்டவர் சந்நிதியில உக்காந்திருக்கோம். எனக்காகச் சொல்ல வேண்டாம். உங்களுக்குப் பாரம் குறையணும்னா சொல்லுங்க. உண்மையை மட்டும் சொல்லுங்க."

பதினெட்டு வருஷத்தில் சங்கிலிமுத்துவிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. முதலாளி சரக்கைக் கேட்பார், ஏஜென்ட் லோடைக் கேட்பார், குருவம்மாள் சம்பளத்தைக் கேட்பாள். அவர் மடை திறந்ததுபோல் கொட்டினார். நாலு பேர் ரூமில் எட்டுப் பேர். மரத்தடி வேலை. கட்டிலுக்குக் கீழே பதினாலு பெட்டி. ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

வெள்ளைச் சட்டைக்காரர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே மட்டும் ஒரு கேள்வி. "எந்த ரூம்?"

"ஆறு ரூமும்தான் சாமி. நாலாம் நம்பர் ரொம்ப மோசம். வாசல்ல பெட்டிய அடுக்கி வச்சிருப்போம்."

"அந்த ரூம்ல இருக்கவங்க பேரெல்லாம் தெரியுமா?"

"தெரியாமலா? சண்முகத்தாய், இருளம்மாள், கருப்பம்மாள், வேல்விழி..." எட்டுப் பேரையும் சொல்லிவிட்டுச் சங்கிலிமுத்து முதல் பேருக்கே திரும்பி வந்தார். "சண்முகத்தாய்க்கு ரெண்டு சின்னப் புள்ளைக. நாந்தான் சாமி அவளை அஞ்சாவது ஆளா உள்ள அனுப்புனேன். அதை நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குது."

கேட்டவர் கண்ணைத் திறந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "வீட்டுல இருக்க பெட்டியை இப்பவே போயி எடுத்து, பத்திரமா கம்பெனி குடோன்ல வைங்க. நாளையில இருந்து ரூமுக்கு நாலே பேரு. வாசல்ல ஒரு பெட்டி இருக்கக் கூடாது. உங்க மொதலாளிய எங்க இருந்தாலும் வரச்சொல்லுங்க. காலையில பத்து மணிக்கு நான் வர்றேன்."

"நீங்களே வர்றீகளா சாமி? மந்திரிக்கவா?"

"வந்து பாக்குறேன்."

சங்கிலிமுத்து அவர் காலைத் தொடப்போனார். அவர் பதறித் தடுத்துவிட்டார். வெளியே வந்தபோது சங்கிலிமுத்துக்கு உடம்பே லேசாக இருந்தது. நாலு நாளைக்குப் பிறகு பசித்தது. முதலாளிக்கு அங்கேயே நின்று போன் போட்டார். "மொதலாளி, சோதனையெல்லாம் ஒண்ணுமில்ல, கெளம்பி வாங்க. நாளைக்கு நம்ம கம்பெனிக்கு ஒரு பெரிய மனுசன் வர்றாரு," என்றார். முதலாளி மூட்டுவலி சரியாகிவிட்டது என்றார்.

வருகிறவரைச் சும்மா அனுப்பலாமா? கோயில்பிள்ளை இன்னும் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். சங்கிலிமுத்து அவரிடம் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"சாமி நாளைக்கு எங்க கம்பெனிக்கு வர்றேன்னு வாக்குக் குடுத்திருக்காக. டீ குடிப்பாகளா, காப்பி குடிப்பாகளா?"

கோயில்பிள்ளை விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"பங்குச்சாமின்னா டீ குடிப்பாரு, அவருதான் காலையிலயே விருதுநகருக்குப் போயிட்டாரே. உள்ள உங்ககூடப் பேசிக்கிட்டிருந்தவரு தவக்காலம் முடியிற வரைக்கும் டீ, காப்பி ரெண்டையும் தொட மாட்டாருண்ணே, நம்ம புதுப் பட்டாசு தாசில்தாரு."